எனாமல் ஏறிய விக்டோரியா காசு: கிரவுனா, டபுள் ஃப்ளோரினா?

விக்டோரியா ராணியின் 1887 பொன்விழாக் காலத்தில் பிரிட்டனில் காசில் எனாமல் ஏற்றி அணியும் மோகம் உச்சத்தில் இருந்தது. வெள்ளிக்காசை உளியால் குடைந்து, பள்ளத்தில் நிறக் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சூளையில் உருக்கி, ஊசி வைத்து உடையில் குத்திக்கொண்டார்கள். பர்மிங்ஹாம் பட்டறைகள் இதில் பேர்போனவை. நாணயவியல்காரர்களைக் கேட்டால் இது சேதப்பட்ட காசு, அவ்வளவுதான். ஆக, இங்கே விலை காசுக்கு அல்ல, எனாமல்காரரின் கைவேலைக்கு.

ஐந்து ஷில்லிங் காசான கிரவுன் பெரிது: 38 மி.மீ.க்குச் சற்று மேல், 28 கிராம், 92.5% வெள்ளி. 1887 கிரவுனின் பூப் பக்கத்தில் சிற்பி பிஸ்ட்ரூச்சி வடித்த புனித ஜார்ஜ் குதிரை மேலிருந்து டிராகனை வீழ்த்துகிறார். கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் பின்னணி வெறுமை. அதை ஒரே நிறத்தில் நிரப்பிவிட்டாலே வேலை முடிந்த மாதிரித் தெரியும். குதிரைக்கும் டிராகனுக்கும் தனித்தனி நிறம் இருந்தால் மட்டும் கூடுதல் விலை பேசலாம்.

நான்கு ஷில்லிங் காசான டபுள் ஃப்ளோரின் வேறு ரகம். கிரவுனோடு குழம்பிப்போய் மக்கள் வெறுத்த காசு. 1887 முதல் 1890 வரைதான் அச்சானது. குடைந்தாலும் யாரும் அழப்போவதில்லை. மாறாக, 8,000 மட்டுமே அச்சான 1847 கோதிக் பாணிக் கிரவுனை ஒருவர் குடைந்திருந்தால் வயிறு எரியும்.

டபுள் ஃப்ளோரினின் பூப் பக்கத்தில் சிலுவை வடிவில் நான்கு கேடயங்கள், இடையிடையே செங்கோல்கள். இங்கிலாந்தின் இரண்டு கேடயங்களுக்கும் சிவப்புத் தளம், ஸ்காட்லாந்துக்குப் பொன்னிறத்தில் சிவப்புச் சிங்கம், அயர்லாந்துக்கு நீலத்தில் யாழ். ஒவ்வொன்றும் மயிரிழைச் சுவரால் பிரிந்த குட்டிப் பள்ளம். லென்ஸ் வைத்து முதலில் சிவப்பைப் பாருங்கள். வெள்ளி மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு எளிதில் பழுப்படிக்கும். தெளிவாக நின்றிருந்தால் கை தேர்ந்தவர் வேலை. அப்புறம் சிங்கத்தின் நகங்கள். அவை மழுங்காமல் இருந்தால் என் ஓட்டு டபுள் ஃப்ளோரினுக்குத்தான்.

ஷில்லிங், ஆறு பென்ஸ் போன்ற சிறு காசுகள் எல்லாம் கைக்கு அடக்கமான விலை, தொடங்குகிறவர்களுக்குப் போதும். 19 மி.மீ. ஆறு பென்ஸில் யாழைச் சரியாக வெட்டியிருந்தால் அது தனி அதிசயம்.

எதை வாங்கினாலும் உடைசலைத் தேடுங்கள். உதிர்ந்த இடத்தில் பிசினோ பெயிண்டோ பூசியிருந்தால், சாய்த்துப் பார்க்கையில் பளபளப்பு மாறும். தலைப் பக்கத்தில் ஊசி பற்றவைத்த தழும்பு சகஜம். பழைய ஊசி அப்படியே இருந்தால் கழற்ற வேண்டாம், பற்றவைப்பைச் சூடாக்கினால் மறுபக்கத்து எனாமல் விரிசல் விடும். இரு பக்கமும் எனாமல் ஏறிய காசு அபூர்வம். கிடைத்தால் மேற்சொன்ன கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, உடைசல் இல்லையா என்று மட்டும் பார்த்து எடுத்துக்கொள்வேன்.