மருமகனின் பூட்டியைத் தேடிய கதை: அயர்லாந்து அரசின் இலவசப் பதிவேட்டுத் தளம்

என் மருமகன் ரொறன்ரோவில் பிறந்தவர். அவருடைய பூட்டி அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர் என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. காசு கட்டிச் சேர்ந்த ஒரு தளம், வேறு மாவட்டத்தில் பிறந்த வேறொரு பெண்ணைப் பூட்டி என்று காட்டிக் குழப்பிவிட்டது. அப்போதுதான் மகள் கிளிநொச்சிக்குப் போன் எடுத்து, "அம்மா, நீங்கள்தானே இவ்வளவு காலமும் பிறப்பு இறப்பு ஏட்டோட இருந்தனீங்கள், ஒருக்கா பாருங்கோ" என்றாள்.

நான் பார்த்தது ஐரிஷ்ஜீனியாலஜி டொட் ஐஈ (irishgenealogy.ie) என்ற தளம். அயர்லாந்து அரசு நடத்துவது, முற்றிலும் இலவசம். கத்தோலிக்கர் உட்பட எல்லோருக்குமான பிறப்பு, விவாக, இறப்புப் பதிவு அங்கே 1864இல் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் விவாகம் மட்டும் 1845இலிருந்தே உண்டு. அண்மைக்காலப் பதிவுகளைத் திறப்பதில்லை: பிறப்பென்றால் 100 வருடம், விவாகமென்றால் 75, இறப்பென்றால் 50 கடந்திருக்க வேண்டும். பெயர், வருடம், பதிவு மாவட்டம் கொடுத்துத் தேடினால் ஏட்டுப் பக்கமே படமாக வந்துவிடும். எனக்கு இந்தத் தளத்தில் பிடித்ததே அதுதான். யாரோ தட்டச்சுச் செய்த வரியை நம்பத் தேவையில்லை. பதிவாளர் எழுதிய எழுத்தை நாமே வாசிக்கலாம்.

ஆனால் வெறுங்கையோடு போகக்கூடாது. முதலில் போய் இறங்கிய நாட்டில் தேட வேண்டும். கனடாக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் என்று "அயர்லாந்து" மட்டும்தான் இருந்தது. ஒன்ராறியோ விவாகப் பதிவில் பூட்டியின் தாய் தகப்பன் பெயர் கிடைத்தது, தாயின் கன்னிக் குடும்பப் பெயரோடு, அதாவது கலியாணத்துக்கு முந்திய குடும்பப் பெயரோடு. கோயில் ஏட்டில் மேயோ என்ற மாவட்டப் பெயரும் இருந்தது. அந்தக் கன்னிப் பெயர் இல்லாவிட்டால் நான் தோற்றிருப்பேன். மேயோவில் உள்ள சுவின்போர்ட் பதிவு மாவட்டத்தில் அதே பெயர், அதே குடும்பப் பெயரோடு அடுத்தடுத்த வருடங்களில் எத்தனையோ பிள்ளைகள். குடும்பப் பெயருக்கு முன்னால் வரும் "ஓ" ஒரு ஏட்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

1868ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்தபோது இரவு பதினொரு மணி. ஒரு பக்கத்தில் பத்துப் பதிவு. ஏழாவது அவர். பிறந்த திகதி, இடம், தகப்பன் பெயர், தாய் பெயர், தகப்பனின் தொழில், அறிவித்தவர், பதிவாளரின் கையொப்பம். நான் வருடக்கணக்காக நிரப்பிய அதே நிரல்கள். அறிவித்தவர் தாய்தான். கையொப்பத்தின் இடத்தில் ஒரு புள்ளடி. அதைச் சுற்றி "அவருடைய அடையாளம்" என்று பதிவாளர் எழுதியிருந்தார். என் மேசைக்கு முன்னால் நின்று பெருவிரலை மையில் வைத்த தாய்மாரின் முகங்கள் வந்துவிட்டன. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திகதியை அப்படியே நம்ப வேண்டாம். பிந்திப் பதிந்தால் தண்டம் என்பதால் பிறந்த நாளைத் தள்ளிச் சொன்ன பெற்றோர் அங்கே நிறையப் பேர். பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் நடந்த மாதிரி ஏடுகள் காட்டுவது அதனால்தான்.

1864க்கு முன்னால் போக வேண்டுமென்றால் பாதை கரடுமுரடு. 1922 ஜூன் 30இல், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் "ஃபோர் கோர்ட்ஸ்" என்ற நீதிமன்றக் கட்டடத்தோடு இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதில் போயிற்று. அதை வாசிக்க எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 2009இல் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்த சனம் நாங்கள். அதுவும் தவறிப்போய் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு நின்றவர்களின் வரிசையும் எனக்குத் தெரியும்.

கத்தோலிக்க ஞானஸ்நான ஏடுகள் அந்தந்தக் கோயில்களில் இருந்ததால் தப்பின. அவற்றை அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015இலிருந்து தனது தளத்தில் இலவசமாகக் காட்டுகிறது, ஏறக்குறைய 1880 வரை. பல இடங்களில் லத்தீன்: ஜேம்ஸ் என்பவர் ஜக்கோபுஸ், வில்லியம் என்பவர் குலியெல்முஸ். மங்கலான படங்கள்தான், பொறுமை வேண்டும்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 1901, 1911 கணக்கெடுப்புகளும் இலவசம். 1901இல் பூட்டியின் தாய் அதே வீட்டில் இருக்கிறார், விதவை. வாசிக்கத் தெரியாது. மொழி என்ற நிரலில் "ஐரிஷ்" என்ற ஒரு சொல் மட்டும். மகனுக்கு "ஐரிஷும் ஆங்கிலமும்". இதை மருமகனுக்குச் சொன்னபோது அவர் கனநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தச் சொல்லைப் பெரிதாக்கி அனுப்புங்கோ மாமி" என்றார். மகளிடம் படித்த தமிழில்.

கைப்பேசியில் பார்க்காதீர்கள், எழுத்துப் பிடிபடாது. நான் டவுனில் ஒரு கொமினிகேஷனில் இரண்டு பக்கத்தையும் பிரின்ற் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது ஞானஸ்நான ஏட்டில் தேடுவது பூட்டியின் ஞானத்தாயின் பெயரை. 1868 பெப்ரவரி வரை பார்த்துவிட்டேன்.