ஃபின்ச் குருவிகளோடு சில ஆண்டுகள்: கூண்டு முதல் கூடு வரை

ஃபின்ச் வளர்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அது கையில் வந்து உட்காருமா என்பதைத்தான். பொதுவாக உட்காராது. ஒரு ஜீப்ரா ஃபின்ச்சின் எடை ஏறத்தாழ 12 கிராம். அவ்வளவு சிறிய பறவைக்கு நீட்டிய கை என்பது எப்போதும் ஓர் அச்சுறுத்தலே. கிளியைப் போலவோ பட்ஜி எனும் சிறு கிளி வகையைப் போலவோ இதைப் பழக்க முயன்றால் பறவைக்கும் துன்பம், வளர்ப்பவருக்கும் ஏமாற்றம். மாறாக, இவை தம் இனத்தோடு சேர்ந்து பறந்து, பாடி, ஒன்றன் இறகை ஒன்று கோதி வாழ்வதைப் பார்த்து மகிழ விரும்புகிறவருக்கு இதைவிடச் சிறந்த கூண்டுப் பறவை கிடையாது என்பதே, ஜீப்ரா ஃபின்ச்சுகளையும் பெங்காலி ஃபின்ச்சுகளையும் சில ஆண்டுகளாக வளர்த்துவரும் என் உறுதியான கருத்து. கூண்டு, குச்சி, தீவனம், துணை என வாங்க வேண்டியவை அனைத்தையும் இந்த ஒன்றை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூண்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பணத்தை வீணாக்க மிகுதியான வாய்ப்பு இருப்பது அங்கேதான். பார்வைக்கு அழகான, கோபுரம் போல் உயர்ந்த கூண்டுகள் ஃபின்ச்சுக்குப் பயன்படுவதில்லை. கிளிகள் அலகால் கம்பியைப் பற்றி ஏறி இறங்கும். ஃபின்ச் அப்படி ஏறுவதில்லை, பக்கவாட்டில்தான் பறக்கும். ஆகவே உயரத்தைக் காட்டிலும் நீளமே முக்கியம். ஓர் இணைக்கு 90 சென்டிமீட்டர் நீளமாவது இருந்தால்தான் அது பறத்தல். அதற்குக் குறைந்தால் வெறும் தாவல். கம்பிகளின் இடைவெளி 1.25 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. மேற்பட்டால் தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளும். நீண்டகாலப் பயன்பாட்டில் நான் மிகவும் மதிப்பது கூண்டின் அடியில் இழுத்து எடுக்கக்கூடிய தட்டைத்தான். தாள் மாற்றும் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுவதோடு, பறவைகளையும் கலவரப்படுத்தாது.

கூண்டை வைக்கும் இடத்தில் ஒரு பக்கமாவது சுவர் இருந்தால் அவற்றுக்குப் பாதுகாப்பு உணர்வு கிடைக்கும். சமையலறையில் மட்டும் வைக்கவே கூடாது. அளவுக்கு மீறிச் சூடேறிய நான்-ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சிலிருந்து எழும் புகை, நம் மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே பறவையின் உயிரைப் பறித்துவிடும். பறவைகளின் சுவாச அமைப்பு அத்தனை திறமையாகக் காற்றை உள்ளிழுப்பதே அவற்றுக்கு எமனாகிவிடுகிறது.

பறவை உட்காருவதற்கெனக் கூண்டோடு வரும் ஒரே பருமனுள்ள வழுவழுப்பான உருளைக் குச்சிகளை நீக்கிவிட்டு, பூச்சிமருந்து படாத மரக்கிளைகளை வெவ்வேறு பருமனில் பொருத்துவது நல்லது. பாதம் எப்போதும் ஒரே இடத்தில் அழுந்தாமல் இருக்கும். மணல்தாள் சுற்றிய குச்சிகள் நகத்தைத் தேய்க்கும் என்று சொல்லி விற்கப்படுகின்றன. அவை நகத்தை விடப் பாதத்தின் அடித்தோலையே புண்ணாக்குகின்றன. குச்சிகளைக் கூண்டின் இரு முனைகளில் மட்டும் வைத்து நடுப்பகுதியை வெறுமையாக விடுங்கள். பொம்மையும் ஊஞ்சலும் நிறைந்த கூண்டில் பறக்க இடமிருக்காது.

தீவனத்தைப் பொறுத்தவரை தினை, பனிவரகு, கேனரி விதை ஆகியவை கலந்த கலவையே அடிப்படை. ஃபின்ச் விதையை அப்படியே விழுங்குவதில்லை. அலகின் இடுக்கில் வைத்து நாக்கால் உருட்டி, நொடிப்பொழுதில் உமியை உரித்துக் கீழே தள்ளிவிட்டுப் பருப்பை மட்டும் உண்ணும். உரித்த உமி கிண்ணத்திலேயே விழுவதால், தீவனம் நிறைந்திருப்பதுபோல் தோன்றும் கிண்ணத்தில் உண்மையில் ஒரு விதைகூட இல்லாமல் போகலாம். இவ்வளவு சிறிய உடல் ஒரு நாள் முழுதும் பட்டினியைத் தாங்காது. எனவே நாள்தோறும் காலையில் மேலே படிந்த உமியை ஊதிவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது தவறக் கூடாத கடமை. விதை மட்டும் போதாது. நன்றாகக் கழுவிய கீரையும், முளைகட்டிய தினையும், அவ்வப்போது சிறிது அவித்த முட்டையும் வேண்டும். கணவாய் மீனின் ஓடு எப்போதும் கூண்டில் தொங்க வேண்டும். முட்டையிடும் பெட்டைக்குக் கால்சியம் அதிலிருந்துதான் பெரிதும் கிடைக்கிறது.

திறந்த கிண்ணத்தில் எச்சமும் உமியும் விழுந்துவிடுவதால் குடிநீருக்குக் குழாய் வகைக் குவளையே மேல். ஜீப்ரா ஃபின்ச் நீர் அருந்துவதைக் கூர்ந்து கவனியுங்கள்: பெரும்பாலான சிறு பறவைகள் ஒவ்வொரு மிடறுக்கும் தலையை அண்ணாந்து விழுங்கும்போது, இது புறாவைப் போல் அலகை அமிழ்த்தியபடியே தொடர்ந்து உறிஞ்சும். நீர் அரிதான ஆஸ்திரேலிய வறண்ட நிலங்களில் விரைவாகக் குடித்துவிட்டுப் பறக்க வேண்டிய பறவைக்கு இது பொருத்தமான பழக்கம். குளிப்பதற்குத் தட்டையான நீர்த்தொட்டியைத் தனியாக வைத்து, குளித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஃபின்ச்சைத் தனியாக வளர்க்கக் கூடாது. துணையில்லாத ஃபின்ச் மனிதரிடம் ஒட்டிக்கொள்வதில்லை, ஒடுங்கிப்போகிறது. ஜீப்ராவில் ஆணைக் கண்டுபிடிப்பது எளிது: கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, மார்பில் வரிகள், விலாவில் வெண்புள்ளியிட்ட செம்பழுப்பு நிறம், நல்ல சிவப்பு அலகு. பெங்காலியில் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, பாடுவது ஆண் என்று கேட்டுத்தான் அறிய வேண்டும். ஜீப்ராவிலும் பாட்டு ஆணுக்கே உரியது. குஞ்சாக இருக்கும்போது, முதல் மூன்று மாதங்களுக்குள், பெரும்பாலும் தந்தையிடம் கேட்டுக் கற்ற பாட்டையே அது வாழ்நாள் முழுதும் ஏறத்தாழ மாற்றமின்றிப் பாடும். அதன் சாதாரணக் குரலோ நாள் முழுவதும் ஒலிக்கும் பொம்மை ஊதலைப் போன்றது. சிறு ஒலிதான் என்றாலும் ஓயாத ஒலி என்பதை வாங்குவதற்கு முன்பே எண்ணிப் பார்ப்பது நல்லது.

இனி, கூடு. கடைகளில் கூண்டோடு சேர்த்துக் கூட்டையும் கொடுத்துவிடுகிறார்கள். குஞ்சு வேண்டாம் என்றால் அதைக் கூண்டில் வைக்காதீர்கள். உணவும் கூடும் கிடைத்தால் ஜீப்ரா ஃபின்ச் ஓய்வின்றி இனப்பெருக்கம் செய்யும். நான்கு முதல் ஆறு முட்டைகள், ஏறத்தாழ இரண்டு வாரம் அடை, பிறந்த மூன்றாம் வாரத்தில் குஞ்சு கூட்டைவிட்டு வெளியேற்றம், உடனே அடுத்த ஈடு என்று போய்க்கொண்டே இருந்தால் பெட்டையின் உடலில் கால்சியம் வற்றி, முட்டை வெளிவராமல் சிக்கி இறக்க நேரிடும். அந்தக் குஞ்சுகளும் மூன்று மாதத்திற்குள் முட்டையிடத் தயாராகிவிடும். குஞ்சு வேண்டுமென்றால் நன்றாகத் தேறிய இணைக்கு மட்டும் கூடு வையுங்கள். முட்டையிடத் தொடங்கியதும், கூடு கட்ட வைத்த நார் மிச்சமிருந்தால் அகற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆண் முட்டைகளின் மேலேயே நார் பரப்பும், அதன்மேல் பெட்டை மறுபடியும் முட்டையிடும், அடியில் கிடப்பவை வீணாகும். பஞ்சும் நூலும் காலில் சுற்றி இறுக்கும்; தேங்காய் நாரும் உலர்ந்த புல்லும் பாதுகாப்பானவை. இணையை வைத்துக்கொண்டே குஞ்சைத் தவிர்க்க விரும்புகிறவர்களுக்கு, இட்ட முட்டைகளை எடுத்துவிட்டுப் போலி முட்டைகளை வைத்து, பறவை சலித்து விலகும் வரை விட்டுவைப்பதும் ஒரு நல்ல வழி.

ஃபின்ச் தன் நோயை முடிந்தவரை மறைக்கும். பகலில் உடலை உப்பவைத்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் அசைந்தாலோ, நாளைவரை காத்திருக்க நேரமில்லை. அதைத் தனியே பிரித்து, சுமார் 30 டிகிரி வெப்பத்தில் வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்பதை, பறவையை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைத்திருப்பது இதனால்தான். புதிதாக வரும் பறவையைப் பழைய பறவைகளோடு சேர்ப்பதற்கு முன் ஒரு மாதமாவது வேறு அறையில் வைத்திருங்கள்.

எந்த இனத்தில் தொடங்குவது என்றால், நான் பெங்காலியையே சொல்வேன். இது காட்டில் இல்லாத, மனிதரின் வளர்ப்பிலேயே உருவான பறவை. சாந்தமானது, மற்ற இனங்களின் முட்டைகளைக்கூட அடைகாத்து வளர்க்கும். ஜீப்ரா அதைவிட உறுதியானதும் துடிப்பானதும்தான், ஆனால் சிறிய கூண்டில் மற்ற பறவைகளை விரட்டும். கோல்டியன் ஃபின்ச்சின் நிறங்களில் மயங்காதவர் இல்லை. எனினும் குளிர் தாங்காது, இரவில் திடீரென மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும், பறவையின் சுவாச அமைப்பிலுள்ள காற்றறைகளில் சிற்றுண்ணிகள் புகுந்து மூச்சைத் திணறடிக்கும் நோய்க்கும் எளிதில் ஆளாகும். மேற்சொன்ன இரண்டில் ஒன்றையாவது ஓரிரு ஆண்டுகள் நலமாக வளர்த்த பிறகு அதை வாங்குங்கள். எதுவானாலும், காட்டில் பிடித்ததாக இல்லாமல், வளர்ப்பவரிடம் பிறந்த பறவையாக இருக்கட்டும்.