போன் மாற்றும்போது எது வரும், எது வராது: ஒரு திருப்பூர் ஜாப் ஒர்க் அனுபவம்

திருப்பூரில் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன், அதாவது பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுக்கு ஆர்டர் புக், கணக்கு, சாட்சி எல்லாமே போன்தான். அளவு சார்ட் போட்டோவாக வரும். "கழுத்துப்பட்டி கால் இன்ச் குறைச்சுக்குங்க" என்பது வாய்ஸ் மெசேஜாக வரும். மாதங்கள் கழித்து கம்பெனிக்காரர் டெபிட் நோட் (குறை சொல்லி நம் பில்லில் பணம் பிடிக்கும் சீட்டு) போட்டால், அந்தக் குரலைப் போட்டுக் காட்டினால்தான் பேச்சே ஆரம்பிக்கும். அதனால் போன் மாற்றுவது என்றாலே எனக்கு வெசனம்தான். பல வருடமாக ஆண்ட்ராய்டு போன்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் கண்டதை எழுதுகிறேன்.

முதலில் நல்லது. கூகுள் கணக்கில் சேமித்த நம்பர்கள் புதுப் போனில் கணக்கைப் போட்டதும் வந்துவிடுகின்றன. புது நம்பரைச் சேமிக்கும்போது அது சிம்முக்குப் போகிறதா, போனுக்குள் போகிறதா, கூகுள் கணக்குக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் கூகுள் கணக்கில் உள்ள சேமிப்பு இடத்தில்தான் இருக்கிறது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசம் 15 ஜிபி. 2021 ஜூன் முதல் போட்டோஸில் ஏற்றும் படங்களும் இதற்குள் வந்தன. 2024 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும், அதாவது கூகுள் கணக்கில் ஏறும் சாட்களின் காப்பியும், இதற்குள் வந்தது. தினமும் சாம்பிள் படமும் வீடியோவும் வந்து விழுகிற எங்கள் தொழிலுக்கு 15 ஜிபி எந்த மூலைக்கு? நிறைந்ததும் பேக்கப் நின்றுவிடும். அறிவிப்பு வரும், ஆனால் ஷிப்மென்ட் நெருக்கடியில் அதை யார் பார்க்கிறார்கள்? கடைசி பேக்கப் தேதி வாட்ஸ்அப் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. போன் நன்றாக ஓடும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும்.

அந்த பேக்கப்பைப் புதுப் போனில் திரும்ப இறக்கும் ரீஸ்டோர் இதைவிடக் கொடுமை. புதுப் போனில் வாட்ஸ்அப் போடும்போது பழைய பேக்கப் வேண்டுமா என்று ஆரம்பத்தில்தான் கேட்கும். அங்கே ‘ஸ்கிப்’ அழுத்தி, அப்புறம் புது பேக்கப்பும் ஓடிவிட்டால் பழையதன் மேல் புதியது உட்கார்ந்துவிடும். மச்சான் போனை ஒரு கடையில் செட் பண்ணிக் கொடுத்த பையன், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அப்படித்தான் அழுத்திவிட்டான். சரி, ரீஸ்டோர் கொடுத்தாயிற்று என்றாலும் முதலில் வருவது எழுத்து மட்டும். படமும் குரலும் பின்னால் மெதுவாக இறங்கும். சாட் தெரிகிறதே என்று அதற்குள் பழைய போனை அழித்துவிடக் கூடாது.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது வயர்தான். போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸ்அப் ஃபோல்டரை முழுசாக ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுப்பேன். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் என்பதால் நேரம் பிடிக்கும், நடுவில் வயர் ஆடினால் நின்றும் போகும். ஆனாலும் செய்யலாம். வாய்ஸ் மெசேஜ் ஒவ்வொன்றின் ஃபைல் பெயரிலும் தேதி இருக்கிறது: ‘பிடிடி’ என்ற எழுத்துகள், பிறகு வருடம், மாதம், நாள். சாட் திரும்ப வராவிட்டாலும் டெலிவரி சலானில் உள்ள தேதியை வைத்து அந்தக் குரலைத் தேடிப் பிடிக்கலாம். யார் பேசியது என்று பெயரில் இருக்காது, கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு டெபிட் நோட் விவகாரத்தில் இப்படித் தேடி எடுத்த குரல்தான் எங்கள் பக்கம் நின்றது. கால் ரெக்கார்டிங் வேறு ஃபோல்டரில் இருக்கும், அதையும் தனியாக எடுக்க வேண்டும்.

யுபிஐ ஆப்களில் செய்த பதிவு எந்தப் பேக்கப்பிலும் வராது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். புதுப் போனில் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போய் மறுபடி பதிவாக வேண்டும். பல வங்கிகளில் முதல் 24 மணி நேரத்துக்கு ரூ.5,000க்கு மேல் அனுப்ப முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடுகிற ஊர் இது. வெள்ளி, சனியில் தயவுசெய்து போன் மாற்றாதீர்கள். டெய்லரிடம் போய் நாளைக்கு வாங்கிக்குங்க என்று சொல்ல முடியாது.

போன் கம்பெனிகள் ரீசெட் பட்டனுக்கு முன்னால் ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும்: இந்தப் போனில் இருப்பதில் எதெல்லாம் வேறெங்கும் காப்பி ஆகவில்லை என்ற பட்டியல். "எல்லாம் அழிந்துவிடும்" என்ற பொது எச்சரிக்கை யாருக்கும் உதவாது. ஆன்லைன் எக்ஸ்சேஞ்ச் இன்னும் மோசம். டெலிவரிக்காரர் வாசலில் நிற்க, புதுப் போன் பெட்டியைப் பிரிக்கும் முன்பே பழையதை ரீசெட் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடியே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த சீசன் பில் எல்லாம் செட்டில் ஆகும்வரை பழைய போன் சார்ஜோடு ஆபீஸ் டிராயரில்தான் இருக்கும்.