கவுண்டி போர்டு கூட்டம்: 5க்கு 4 நட்சத்திரம்

கலிஃபோர்னியாவில் நாங்கள் குடியிருக்கும் பகுதி எந்த நகர எல்லைக்குள்ளும் வராது. மேயரும் இல்லை, நகர சபையும் இல்லை. தெருவுக்கு நடைபாதை வேண்டுமென்றால் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சூப்பர்வைசர் போர்டிடம், அதாவது கவுண்டியை நடத்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவிடம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கப் போய்ப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

சான் பிரான்சிஸ்கோ நீங்கலாக மற்ற 57 கவுண்டிகளிலும் போர்டில் 5 பேர்தான். தொகுதிக்கு ஒருவர், 4 ஆண்டுப் பதவி. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. விதிகளை இயற்றுவதும் நிர்வாகத்தை மேற்பார்ப்பதும் இந்த ஐவரே. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடிப் பேருக்கு 5 பேர் போதாதென்று, 9 ஆக உயர்த்த 2024இல் வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். நல்ல முடிவு.

கவுண்டிக் காவல்துறைத் தலைவரான ஷெரிஃபும், குற்ற வழக்குகளை நடத்தும் அரசு வழக்கறிஞரும் தனித் தேர்தலில் வருகிறவர்கள். போர்டு அவர்களுக்குப் பணம் ஒதுக்கும். வழக்கை எப்படி நடத்துவது என்று உத்தரவிட முடியாது. எனக்கு முன்னால் பேசிய பெரியவர் தனக்குக் கிடைத்த நேரம் முழுவதையும் ஒரு வழக்கைப் பற்றியே பேசித் தீர்த்தார். பாவம், யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

மனதாரப் பாராட்ட வேண்டியது, இதுபோன்ற கூட்டங்களை மக்கள் முன்னால் நடத்தச் சொல்லும், 1953இல் வந்த பிரவுன் சட்டத்தை. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை, அதாவது பேசப்போகும் விஷயங்களின் பட்டியலை, ஒட்டியாக வேண்டும். பேசுவதற்குப் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினால், உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இல்லாத இடத்தில், இரு மடங்கு நேரம் தர வேண்டும். ஊரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட அப்பா அம்மாக்களே, தாராளமாகத் தமிழில் பேசுங்கள்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. கூட்டம் வேலை நாளில், பகலில். தினக்கூலிக்குப் போகிறவர் எப்படி வருவார்? அப்புறம் அந்த ‘கன்சென்ட்’ பட்டியல்: ஏராளமான தீர்மானங்கள், விவாதமே இல்லாமல் ஒரே வாக்கில் நிறைவேறிவிடுகின்றன. அதில் ஏதாவது உங்களைப் பாதிக்குமென்றால் அந்த வாக்கெடுப்புக்கு முன்பே பேச வேண்டும். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தைப் பேசலாம், ஆனால் அன்றே முடிவெடுக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் உங்கள் தொகுதி சூப்பர்வைசரின் உதவியாளருக்குப் போன் போடுங்கள். எங்கள் நடைபாதைக் கோரிக்கையைச் சாலைத் துறைக்கு அனுப்பி வைத்தவர் அவர்தான். இப்போது அளவெடுக்க ஆள் வந்திருக்கிறார்கள்.