லேடெக் எழுதுவதற்கு எடிட்டரை அமைத்துத் தரும் கட்டணச் சேவைகள்: ஓர் எச்சரிக்கை

உரையோடு ஆணைகளையும் எழுதி அச்சுத்தரப் பக்கங்களாக மாற்றிக்கொள்ளும் லேடெக்கில் (LaTeX) ஆய்வேடோ நூலோ எழுதத் தொடங்குபவர்களில் சிலர், எடிட்டரை அதனோடு இணைக்கும் வேலையைக் காசு கொடுத்துப் பிறரிடம் ஒப்படைக்கிறார்கள். அத்தகைய சேவை ஒன்று என் கணினியில் செய்துவைத்தவற்றுள் எது வெறும் திறமைக்குறைவு, எது திட்டமிட்ட ஏமாற்று என்பதைப் பிரித்துச் சொல்வதே இப்பதிவின் நோக்கம். சேவையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வேறிடத்தில் கடை விரிப்பது இவர்களுக்கு எளிது; ஆகையால் பெயரைவிட, இவர்கள் விட்டுச்செல்லும் தடயங்களைத் தெரிந்துகொள்வதே படிப்பவர்களுக்குப் பயன் தரும்.

என் ஆய்வேடு தமிழும் ஆங்கிலமும் கலந்தது. நான் கேட்டவை சாதாரணமானவை. கோப்பைச் சேமித்தவுடன் கம்பைல் ஆகிப் பிடிஎஃப் புதுப்பிக்கப்பட வேண்டும். பிடிஎஃப்பில் ஒரு வரியைச் சொடுக்கினால் மூலக்கோப்பில் அதே வரிக்குத் தாவ வேண்டும். நூற்பட்டியல் தானாக உருவாக வேண்டும். தமிழ் எழுத்துகள் பிழையின்றி வர வேண்டும். இவை அனைத்தும் 'தொழில்முறைப் பதிப்பு' ஒன்றில் ஆண்டுச் சந்தாவுக்குக் கிடைக்கும் என்று எழுத்திலேயே உறுதியளித்து, பணத்தைப் பெற்றுக்கொண்ட பிறகு, தொலைவிலிருந்து என் விண்டோஸ் கணினியின் திரையை இயக்கி எல்லாவற்றையும் நிறுவிக் கொடுத்தார்கள்.

நிறுவியதைப் பின்னர் பிரித்துப் பார்த்தபோது, அதில் அவர்களுடைய சொந்த உழைப்பு என்று சொல்லத்தக்கவை ஒரு செட்டிங்ஸ் கோப்பும் ஒரு சிறிய பேட்ச் கோப்பும் (ஆணைகளை வரிசையாக ஓட்டும் விண்டோஸ் batch கோப்பு) மட்டுமே. எடிட்டர் விஎஸ் கோட். அதற்குள் லேடெக்கைக் கையாளும் நீட்டிப்பு லேடெக் வொர்க்‌ஷாப். அடித்தளமாக, லேடெக்கையும் அதன் கருவிகளையும் ஒன்றாகத் தரும் டெக் லைவ். மூன்றையும் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். டொனால்டு குனூத் 1978இல் முதல் வடிவம் தந்த டெக்கும், லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அதன்மேல் எழுப்பிய லேடெக்கும், 1996 முதல் வெளிவரும் டெக் லைவும் உரிமச் சாவி என்ற ஒன்றை என்றுமே கேட்டதில்லை. லேடெக் வொர்க்‌ஷாப் எம்ஐடி உரிமத்தில் வெளியிடப்படுவது. அதைப் பிரதியெடுத்து விற்கவும் தடையில்லை, ஆனால் மூலப் படைப்பாளியின் காப்புரிமைக் குறிப்பைப் பிரதியில் அப்படியே வைத்திருக்க வேண்டும். எனக்குத் தரப்பட்ட பிரதியில் அந்தக் குறிப்பை நீக்கிவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டிருந்தார்கள். நேரம் செலவிட்டு அமைத்துத் தருபவருக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை; அடுத்தவர் இலவசமாகத் தந்ததைப் பூட்டிவைத்து அதற்குச் சாவி விற்பதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன்.

முதலில் கண்ணில் பட்ட கோளாறு, பிடிஎஃப் பழையபடியே நின்றுவிடுவது. சேமித்தவுடன் கீழ்ப்பட்டையில் வெற்றிக்குறி தோன்றும், ஆனால் திருத்திய பத்தி பிடிஎஃப்பில் இராது. லேடெக் வொர்க்‌ஷாப் இயல்பாகவே பிடிஎஃப்பை எடிட்டரின் ஒரு தாவலுக்குள் காட்டும் வசதி கொண்டது. அதை அணைத்துவிட்டு, அலுவலகங்களில் பரவலாக உள்ள ஒரு வாசிப்பானை வெளியிலிருந்து திறக்குமாறு இவர்கள் மாற்றியிருந்தார்கள். அந்த வாசிப்பான் தான் திறந்த கோப்பை விண்டோஸில் பூட்டிப் பிடித்துக்கொள்வதால் லேடெக்கால் அதன்மேல் எழுத முடியாது. எழுத முடியவில்லை என்ற செய்தியாவது என் கண்ணுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் கம்பைல் ஆணையில் பேட்ச்மோட் என்ற விருப்பத்தைச் சேர்த்திருந்ததால் திரையில் எதுவும் வராது, எல்லாம் லாக் கோப்புக்குள் போய்விடும். இவர்களுடைய பேட்ச் கோப்போ, என்ன நடந்தாலும் 'வெற்றி' என்ற பதிலையே எடிட்டருக்குத் திருப்பி அனுப்புமாறு எழுதப்பட்டிருந்தது. பிழையைத் தீர்ப்பதைவிடப் பிழைச்செய்தியை மறைப்பது எளிது என்று முடிவுசெய்த ஒருவரின் வேலை இது. பிடிஎஃப்பிலிருந்து மூலத்துக்குத் தாவும் வசதியும் இதே காரணத்தால்தான் கிடைக்கவில்லை: 2008 முதல் டெக் லைவோடு வரும் சிங்க்டெக், எந்த வரி பக்கத்தில் எங்கே விழுந்தது என்ற கணக்கைத் தனிக்கோப்பாக எழுதி வைக்கிறது, சுமத்ரா பிடிஎஃப், ஓக்குலர், ஸ்கிம் போன்ற வாசிப்பான்கள் அதைப் படிக்கும், இவர்கள் வைத்த வாசிப்பான் படிக்காது.

பொருளடக்கம் எப்போதும் காலியாக இருந்ததும், குறுக்குக் குறிப்புகள் எல்லாம் இரட்டைக் கேள்விக்குறிகளாக நின்றதும் இன்னொரு கதை. லேடெக் முதல் ஓட்டத்தில் தலைப்புகளையும் எண்களையும் துணைக்கோப்புகளில் எழுதி வைத்து, அடுத்த ஓட்டத்தில் அவற்றைப் படித்து உரிய இடங்களில் நிரப்புகிறது. நடுவில் நூற்பட்டியலுக்கு பைபர் அல்லது பிப்டெக் ஓட வேண்டும். எத்தனை முறை எதை ஓட்ட வேண்டும் என்பதைத் தானே கணித்துச் செய்யும் லேடெக்எம்கே என்ற கருவிதான் லேடெக் வொர்க்‌ஷாப்பின் இயல்பான தேர்வு. அதைத் தூக்கிவிட்டு ஒரே ஓட்டத்தை வைத்ததோடு நில்லாமல், ஒவ்வொரு கம்பைலுக்குப் பிறகும் துணைக்கோப்புகளை அழிக்கும் தெரிவையும் முடுக்கியிருந்தார்கள். நூறு முறை கம்பைல் செய்தாலும் ஒவ்வொன்றும் முதல் ஓட்டமாகவே இருக்கும். அழியும் கோப்புகளில் லாக்கும் ஒன்று என்பதால், மறைக்கப்பட்ட பிழையைத் தேடிப் போனாலும் கையில் எதுவும் சிக்காது.

தமிழுக்குச் செய்ததுதான் எனக்கு மிகுந்த சினத்தை ஊட்டியது. முதலில், லேடெக்கை ஓட்டும் இயந்திரங்களுள் பழையதான பிடிஎஃப்லேடெக்கையே ஓட்டி, யூனிகோடு எழுத்தை அறியேன் என்ற பிழைகள் மறைந்திருக்க, தமிழ்ப் பத்திகள் வெற்றிடமாகவே பிடிஎஃப்பில் வந்தன. ஓப்பன்டைப் எழுத்துருக்களை நேரடியாகக் கையாளும் ஸீடெக்கை ஜோனதன் கியூ 2004இல் வெளியிட்டுவிட்டார். 2020 முதல் டெக் லைவில் லுவாலேடெக்கும் ஹார்ஃப்பஸ் எழுத்தமைப்பு நிரலோடே வருகிறது. எனவே தமிழுக்கு எந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது இன்று ஒரு கேள்வியே அல்ல. நான் வற்புறுத்திய பிறகு, ஸீடெக்கில் ஓடும் லேடெக்கான ஸீலேடெக்குக்கு மாற்றினார்கள், ஆனால் எழுத்துரு ஆணையில் எழுத்துமுறை தமிழ் என்று குறிப்பிடவில்லை. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் உயிர்மெய்க் குறிகளை இடம் மாற்றி வைக்கும் விதிகள் இயங்கா. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. எழுத்துருக்களைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பின் ஆவணத்தைப் புரட்டிப் பார்த்திருந்தால் ஒரு வரியில் தீர்ந்திருக்கும். (லுவாலேடெக்கில் எழுதுவோர் அதே இடத்தில் ரெண்டரராக ஹார்ஃப்பஸ்ஸையும் குறிப்பிட வேண்டும்.)

இவர்கள் ஆவணத்தைப் பார்க்கவில்லை. லேடெக்குக்கும் தமிழுக்கும் ஒத்துவராது, தனியாக 'தமிழ் ஆதரவு' வாங்க வேண்டும் என்று சொல்லி மேலும் பணம் பெற்றுக்கொண்டு, என் அத்தியாயங்களை யூனிகோடிலிருந்து, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய பாமினிக் குறியேற்றத்துக்கு மாற்றி, பாமினி எழுத்துருவை இணைத்துக் கொடுத்தார்கள். அச்சுத்தாளை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தோன்றும். மூலக்கோப்பைத் திறந்தாலோ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. பிடிஎஃப்பில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது. ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினாலும் அதே குப்பைதான் வரும். தமிழுக்கென உள்ள சொல்முறிப்பு விதிகளும் அந்தக் குறியேற்றத்தின்மீது செல்லா. ஆய்வேட்டைப் பிறர் தேடிப் படிப்பதற்காகத்தான் மின்வடிவில் சேமிக்கிறார்கள் என்ற நினைப்பு இருந்தால் இதை ஒரு தீர்வென்று எவரும் நீட்டியிருக்க மாட்டார்கள். கோப்புகளின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் நான் யூனிகோடு வடிவத்தைப் பேணி வந்ததால் என் எழுத்து தப்பியது.

இதுவரை சொன்னவை பணத்தையும் உழைப்பையும் வீணாக்கியவை. இனி வருவது கணினியையே ஆபத்தில் தள்ளுவது. லேடெக் கோப்பு என்பது வெறும் உரை அன்று, ஒரு நிரல். ரைட்18 என்ற வழியாக அது இயங்குதளத்தின் ஆணைகளைக்கூட ஓட்டச் சொல்ல முடியும். ஆகையால்தான் டெக் லைவ் 2010 முதல், தீங்கற்றவை என்று கருதப்படும் சில நிரல்களை மட்டும் அனுமதிக்கும் கட்டுப்பாட்டு நிலையை இயல்பாக வைத்திருக்கிறது. மேற்கோப்புறைகளிலும் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகளிலும் எழுதுவதையும் தடுத்து வைத்திருக்கிறது. இவர்கள் டெக்ஸ்எம்எஃப்.சிஎன்எஃப் என்ற அமைப்புக் கோப்பில், ஷெல்-எஸ்கேப் எனப்படும் இந்த ஆணை ஓட்டும் வழியை முழுமையாகத் திறந்துவிட்டு, எழுதும் தடையையும் நீக்கி, போதாக்குறைக்கு விஎஸ் கோட் 2021இல் கொண்டுவந்த, புதிய கோப்புறையை நம்பலாமா என்று கேட்கும் பாதுகாப்பையும் அணைத்திருந்தார்கள். சேமித்தாலே கம்பைல் ஆகும் அமைப்பில் இதன் பொருள், யாரோ அனுப்பிய வார்ப்புருவைத் திறந்து ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்த கணத்தில், அதற்குள் ஒளிந்திருக்கும் எந்த ஆணையும் என் கணக்கின் முழு அதிகாரத்தோடு ஓடும் என்பதே. ஏன் என்று கேட்டதற்கு, நிரல் வரிகளை வண்ணத்தில் காட்ட மின்டெட் தொகுப்புக்கு இது தேவை என்றார்கள். மின்டெட்டின் பழைய பதிப்புகளுக்கு ஷெல்-எஸ்கேப் தேவைதான். ஆனால் அதைத் தேவைப்படும் திட்டத்துக்கு மட்டும் அந்த ஓட்டத்தின் ஆணையில் சேர்ப்பதே முறை, 2024இல் வந்த மூன்றாம் பதிப்போ கட்டுப்பாட்டு நிலையிலேயே இயங்குமாறு மாற்றப்பட்டுவிட்டது. என் ஆய்வேட்டில் வண்ணமிட வேண்டிய நிரல் வரி ஒன்றுகூட இல்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

சந்தாக் காலம் முடிந்த நாளில் ஏமாற்று முழுமையாக வெளிப்பட்டது. அதுவரை எதற்கெடுத்தாலும் வெற்றி என்று சொன்ன எடிட்டர், உரிமம் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கவும் என்ற செய்தியைக் காட்டிக் கம்பைல் செய்ய மறுத்தது. ஆணைச்சாளரத்தைத் திறந்து ஸீலேடெக்கை நேரடியாக ஓட்டியபோது அதே கோப்பு எந்தத் தடையுமின்றி ஓடியது. பேட்ச் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கம்பைலுக்கு முன்பும் அது வெளியிலுள்ள ஒரு சர்வரைத் தொடர்புகொண்டு, என் கணினியின் பெயரையும் கம்பைல் செய்யும் கோப்பின் முழுப் பாதையையும் அனுப்பி, அங்கிருந்து அனுமதி வந்தால் மட்டும் லேடெக்கை அழைக்குமாறு எழுதப்பட்டிருந்தது. இணையம் இல்லாத இடங்களில் பிடிஎஃப் புதுப்பிக்கப்படாததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. கணினியில் முழுமையாக நிறுவப்பட்டு, இணையமே தேவைப்படாத ஓர் இலவச மென்பொருளின் வாசலில் இவர்கள் ஒரு சுங்கச்சாவடியைக் கட்டியிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் சான்றுகளோடு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'சார், செட்டிங்ஸை நீங்களே தொட்டுட்டீங்க, அதனால வாரண்டி போயிடுச்சு' என்பது வந்த பதில். பேட்ச் கோப்பு எதற்காக என் கோப்பின் பெயரை அனுப்புகிறது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை; பணமும் வரவில்லை.

இத்தகைய சேவை ஒன்றை ஏற்கெனவே வாங்கியிருப்பவர்கள், விஎஸ் கோட்டின் செட்டிங்ஸ் கோப்பில் லேடெக் வொர்க்‌ஷாப்பின் கீழ் உள்ள 'ரெசிப்பி', 'டூல்ஸ்' ஆகிய பகுதிகளை முதலில் பார்க்க வேண்டும். அங்கே லேடெக்எம்கே, ஸீலேடெக், லுவாலேடெக், பைபர் போன்ற அறிந்த கருவிகள் நேரடியாக அழைக்கப்படாமல் அறியாத பேட்ச் கோப்போ ஸ்கிரிப்டோ அழைக்கப்பட்டிருந்தால், அதை ஓட்டாமல் எடிட்டரிலேயே திறந்து படிக்க வேண்டும். இப்பகுதிகளை முழுவதும் நீக்கினாலே நீட்டிப்பு தன் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். தமிழுக்காக லேடெக்எம்கேவின் அமைப்புக் கோப்பில் பிடிஎஃப்-மோடை ஸீலேடெக்குக்கு 5 என்றும் லுவாலேடெக்குக்கு 4 என்றும் வைத்து, நீட்டிப்பில் 'latexmk (latexmkrc)' என்ற ரெசிப்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; இயல்பான ரெசிப்பி பிடிஎஃப்லேடெக்கையே ஓட்டும். இதற்குமேல் ஒரு ஆய்வேட்டுக்குத் தேவைப்படும் அமைப்பு மிகக் குறைவு. விஎஸ் கோட் வேண்டாம் என்பவர்களுக்கு டெக்ஸ்டூடியோ நிறுவியவுடனே ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்கிறது. விம் பழகியவர்களுக்கு விம்டெக்கும், ஈமாக்ஸ் பழகியவர்களுக்கு ஆக்டெக்கும் உள்ளன.

எடிட்டரையும் டெக் லைவையும் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினால் எல்லாம் போய்விடும் என்று எண்ண வேண்டாம். டெக் லைவைக் கோப்புறையோடு அழித்தால், திறந்துவிடப்பட்ட டெக்ஸ்எம்எஃப்.சிஎன்எஃப் அதோடு போகும். ஆனால் பயனரின் சொந்தக் கோப்புறையில் உள்ள லேடெக்எம்கே அமைப்புக் கோப்பு அப்படியே இருக்கும். அது பெர்ல் மொழியில் அமைந்த நிரல் என்பதால், லேடெக்எம்கே ஓடும் ஒவ்வொரு முறையும் அதில் எழுதியிருப்பதெல்லாம் ஓடும். அதே இடத்தில் உள்ள டெக்ஸ்எம்எஃப் கோப்புறையும் தங்கிவிடும்; அதில் வைக்கப்பட்ட தொகுப்புகளுக்கு டெக் லைவில் உள்ளவற்றைவிட முன்னுரிமை உண்டு. என் கணினியில் அங்கே ஃபான்ட்ஸ்பெக்கின் மிகப் பழைய பிரதி ஒன்றை விட்டுப் போயிருந்தார்கள். டெக் லைவைப் புதிதாக நிறுவிய பிறகும் எழுத்துருப் பிழைகள் தொடர்ந்து, அந்தப் பிரதியை அழித்த பிறகே நின்றன.