உயர் அமைலோஸ் கோதுமை மாவு: சப்பாத்திக்கு ஏற்றதா?

அமெரிக்காவில் ‘ஹெல்த்சென்ஸ்’ என்ற பெயரில் பே ஸ்டேட் மில்லிங் நிறுவனம் அரைக்கும் உயர் அமைலோஸ் (அமைலோஸ் என்னும் மாவுச்சத்து வகை மிகுந்த) கோதுமை மாவை, சர்க்கரை நோயாளிகள் உள்ள எங்கள் வீட்டில் சில மாதங்களாகச் சப்பாத்திக்குச் சேர்த்து வருகிறோம். தோற்றத்தில் இது மைதாவைப் போல வெளுப்பாகவே இருக்கிறது. ஆனால் நார்ச்சத்து பன்மடங்கு அதிகம்.

காரணம் மாவுச்சத்தின் அமைப்பில் இருக்கிறது. சாதாரணக் கோதுமையின் மாவுச்சத்தில் ஏறத்தாழக் கால் பங்கே அமைலோஸ், மற்றதெல்லாம் அமைலோபெக்டின். கிளைகிளையாகப் பிரிந்திருக்கும் அமைலோபெக்டினை நொதிகள் விரைவாகக் குளுக்கோஸாக உடைத்துவிடும். நீண்ட இழைகளாக நெருங்கி அடுக்கிக்கொள்ளும் அமைலோஸ் அவ்வளவு எளிதில் உடைவதில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள், இந்தக் கிளைகளை உண்டாக்கும் நொதியின் செயல் குறைந்த கோதுமையை, மரபணு மாற்றமின்றி வழக்கமான பயிர்ப்பெருக்க முறையிலேயே உருவாக்கி, அமைலோஸின் பங்கை 85 சதவீதம் வரை உயர்த்திக் காட்டினார்கள். சாதாரணக் கோதுமையில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் செரிக்காத மாவுச்சத்து, அதில் 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடையும் இந்தப் பகுதி நார்ச்சத்தாகவே கணக்காகிறது; இதை அங்குள்ள நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்து, குடல் சுவருக்கு ஊட்டமாகும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் முதலியவற்றைத் தருகின்றன.

பழுப்பு நிறத்தை மட்டும் நம்பி ரொட்டி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைக் காட்டும் கிளைசெமிக் குறியீட்டின் 2008ஆம் ஆண்டுச் சர்வதேச அட்டவணையில் வெள்ளை ரொட்டியின் சராசரி 75, முழுக்கோதுமை ரொட்டியின் சராசரி 74. தவிட்டை நன்றாக அரைத்துச் சேர்ப்பதால் மட்டும் மாவுச்சத்தின் இயல்பு மாறிவிடுவதில்லை என்பதே இதன் பொருள். ‘சர்க்கரை நோயாளிகளுக்கானது’ என்று அச்சிட்டு விற்கும் பல மாவுப் பொட்டலங்கள் இதைச் சொல்வதே இல்லை.

ஆட்டா இரண்டு பங்குக்கு உயர் அமைலோஸ் மாவு ஒரு பங்கு என்ற கலவையே எங்களுக்குப் பொருந்தியது. தண்ணீர் கூடுதலாக இழுப்பதால், பிசைந்த மாவை அரைமணி நேரமாவது மூடி ஊற வைத்தால்தான் சப்பாத்தி மிருதுவாக வரும். உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பின் எடுத்த குளுக்கோமீட்டர் அளவுகள், வெறும் ஆட்டாச் சப்பாத்தி உண்ட நாட்களைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருந்தன. ஒரு வீட்டின் அளவுகளை ஆய்வு முடிவாகக் கொள்ளக் கூடாது என்றாலும், எங்களுக்கு இது போதுமான ஊக்கம். பழக்கமில்லாத வயிற்றில் தொடக்கத்தில் வாயு சேரக்கூடும் என்பதால் சிறிதளவில் தொடங்குவது நல்லது. இன்சுலின் போடுவோர் மருத்துவரிடம் சொல்லிவிட்டே மாற்ற வேண்டும். கோதுமைப் புரதமான குளூட்டன் இதிலும் உண்டு. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் தவிர்க்க வேண்டும்.