பிரிக்ஃபீல்ட்ஸ் பிரசவ வகுப்பு: தாராளமாகப் போகலாம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் தமிழில் நடத்தும் வகுப்பு. அத்தையும் என்னோடு வந்தார். தாய்ப்பால், குளிப்பாட்டுவது எல்லாம் ஓட்டமாக முடிந்துவிட்டது. ஆனால் வலியை அடையாளம் காணும் பகுதி அருமை!

நடந்தாலோ, ஒருக்களித்துப் படுத்தாலோ, தண்ணீர் குடித்தாலோ அடங்கினால் பெரும்பாலும் அது சூட்டு வலிதான், அதாவது பொய் வலி. நிஜ வலி எப்படிப் படுத்தாலும் விடாது. இடைவெளி குறையும், வேகம் கூடும். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை நேரம் பார்க்கவேண்டும். அத்தை உட்பட பலர் வலி முடிந்ததிலிருந்து கணக்கு வைத்திருந்தார்கள்.

தலைப்பிரசவம் என்றால், 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் 1 நிமிடம் என்று 1 மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். ஜாலான் துன் சம்பந்தன் சாலை நெரிசலை நினைத்தால் நான் இன்னும் சீக்கிரமே கிளம்புவேன். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, 37 வாரத்துக்கு முன்பே இப்படி வலி வந்தாலோ எந்தக் கணக்கும் வேண்டாம், உடனே மருத்துவமனை. பிங்க் புத்தகத்தை (கர்ப்பகாலப் பரிசோதனைப் பதிவேடு) கைப்பையிலேயே வைக்கச் சொன்னார் மிஸ்ஸி.

கர்ப்பிணிகளுக்கு முதுகு சாயாத ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதைக் கட்டாயம் மாற்றவேண்டும். அப்புறம், கணவரையும் கூட்டிப் போங்கள். நேரம் குறிக்கப்போவது அவர்தான்.